துட்டி கேட்க யாரும் வராத ஊர்

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

எனக்கு 41 வயது. சொந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். கனடாவில் ராக்கி மலைக்குள் இருக்கிற ஜாஸ்பர் என்ற சின்ன ஊரில், ஒரு ஹோட்டல் சமையலறையில் 2014-இல் வேலைக்குச் சேர்ந்தேன். மனைவியும் மகளும் இங்கேயே இருந்தார்கள். 2023 தொடக்கத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறு வருடம் ஜூலையில் காட்டுத்தீ வந்து அந்த ஊரில் மூன்றில் ஒரு பங்கு எரிந்துபோனது. நான் வாடகைக்கு இருந்த கேபின் க்ரீக் வீடு இப்போது இல்லை. ஒன்றரை வருடம் ஆகியும் என்னால் மறக்க முடியவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அந்தத் தெரு எரிந்து கிடக்கிற வீடியோவைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனைவி, "யாருக்கும் ஒண்ணும் ஆகல, அதுவும் வாடகை வீடு, போனது போகட்டும்" என்கிறாள். சேக்காளிகள், "வெள்ளக்காரன் ஊரு எரிஞ்சதுக்கு நீ எதுக்குல அழுத" என்று கேலி செய்கிறார்கள்.

எனக்கே என் மேல் வெறுப்பாக இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் சொந்த ஜனம் வீடு வாசலை இழந்து நின்றபோது எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. தீ நடந்து பத்துப் பதினோரு நாளில் ஆடி அமாவாசை வந்தது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு பாபநாசம் படித்துறைக்குப் போனேன். எல்லோரும் அவரவர் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். செத்துப்போன ஊருக்கு யார் தண்ணீர் விடுவார்கள் என்று நினைத்தேன். அங்கேயே அழுதுவிட்டேன். அப்பா தனக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

எங்கள் தெருவில் மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த ஆச்சி ஒருவர் இருக்கிறார். சாயங்காலமானால் வாசலில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்தால் நானும் இப்படி ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஜாஸ்பரிலிருந்து பழைய தலைமைச் சமையல்காரர் திரும்ப வேலைக்குக் கூப்பிடுகிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தூக்கம் வராததால் அப்பாவின் தூக்க மாத்திரையில் பாதி போட்டுக்கொள்கிறேன். ஊரின் பழைய போட்டோ ஒன்றைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன், எரிந்த ஊர்ப் படத்தை மாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்கிறாள் மனைவி. எனக்கு மனநோயா?

– பெயர் வேண்டாம், விக்கிரமசிங்கபுரம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்களுக்கு வந்திருப்பது துக்கம். மனநோய் என்று பயப்பட வேண்டாம். மாத்திரை விஷயம் மட்டும் எனக்குக் கவலையாக இருக்கிறது, அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன். மற்றபடி உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: உங்கள் வீட்டில் ஒரு துட்டி, அதாவது ஒரு சாவு, நடந்திருக்கிறது, அதைக் கேட்க ஒருத்தரும் வரவில்லை.

நம் பக்கத்தில் துட்டி கேட்கப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். போய் உட்காருவார்கள். கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அப்புறம் ஒருவர் மெதுவாக, "நல்லாத்தான இருந்தாவ, எப்படி ஆச்சு?" என்று எடுப்பார். வீட்டுக்காரர் ஆரம்பத்திலிருந்து சொல்லுவார். முந்தின ராத்திரி ரெண்டு இட்லி சாப்பிட்டது, விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது, ஆட்டோ பிடித்து ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, டாக்டர் கையை விரித்தது எல்லாம் வரும். அடுத்து வருகிறவரும் அதையே கேட்பார். அதே கதை மறுபடி முதலிலிருந்து. இப்படிப் பத்திருபது பேரிடம் சொல்லி முடிக்கிறபோது, நடந்தது நடந்ததுதான் என்று சொல்கிறவர் மனசுக்கே உறைத்திருக்கும். நாங்கள் புத்தகம் புத்தகமாகப் படித்து, அறை போட்டு, மணிக்கணக்கு வைத்துச் செய்கிற வேலையை நம் ஜனங்கள் வாசலில் ஒரு பாயை விரித்துச் செய்துவிடுகிறார்கள்.

உங்கள் கதையை நீங்கள் ஒரு தடவைகூட முதலிலிருந்து யாரிடமும் சொன்னதில்லை என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. "ஊர் எரிந்துபோனது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு வெளியில் தெரிந்தது கொஞ்சம்தான். 2024 ஜூலை 22-ஆம் தேதி ராத்திரி, ஊரையும் அதைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவையும் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. ஊர்க்காரர்கள் ஏறக்குறைய ஐயாயிரம் பேர், சுற்றுலா வந்தவர்களோடு சேர்த்தால் 25,000 பேர், புகைக்குள் வரிசையாகக் கார்களை ஓட்டிக்கொண்டு மலையை விட்டு வெளியேறினார்கள். மின்னல் மூட்டிய தீ, காற்றோடு தெற்கேயிருந்து வந்து 24-ஆம் தேதி சாயங்காலம் ஊருக்குள் நுழைந்தது. 1,113 கட்டடங்களில் 358 போய்விட்டன. உங்கள் கேபின் க்ரீக் பக்கம்தான் அடி பலம். ஊர்க்காரர்கள் எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். அதற்கப்புறம் தீயணைக்கப் போன இளைஞர் ஒருவர் மரம் விழுந்து இறந்தார்.

இனி நீங்கள் சொல்லுங்கள். அங்கே 24 சாயங்காலம் என்றால் நமக்கு 25 விடியற்காலை. நீங்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? போனில் முதலில் வந்தது யாருடைய செய்தி? எந்தப் படத்தைப் பார்த்ததும் அது உங்கள் தெரு என்று தெரிந்தது? அந்த வீட்டில் நீங்கள் விட்டுவிட்டு வந்த சாமான் ஏதாவது இருந்ததா? பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர்களிடம் என்ன சொன்னீர்கள்? இதற்கெல்லாம் எனக்குப் பதில் எழுதி அனுப்புங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, பிரசுரிக்க மாட்டேன், முழுக்கப் படிப்பேன். அதைவிட முக்கியம், உங்களோடு வேலை பார்த்தவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்கள் இப்போது எங்கெங்கோ சிதறி இருப்பார்கள். அந்த ராத்திரி யார் எந்தக் காரில் போனார்கள், எதை எடுத்தார்கள், எதை மறந்தார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். வெளியூர்க்காரரிடம் அந்தத் தெருவின் பெயரையே விளக்க வேண்டியிருக்கும். அவர்களிடம் பெயரைச் சொன்னாலே போதும். அழுகிறவர்கள் அழட்டும், நீங்களும் அழுங்கள்.

ஊர் அங்கீகரிக்காத துக்கம் ஒன்று உண்டு என்று அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989-இல் விரிவாக எழுதினார். கருவிலேயே போன பிள்ளைக்காக, பிரிந்துபோன பழைய கணவனுக்காக, வளர்த்த நாய்க்காக அழுகிறவர்களுக்கு யாரும் ஆறுதல் சொல்ல வருவதில்லை. அதனாலேயே அந்தத் துக்கம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே தங்கிவிடுகிறது. ஊருக்காக அழுகிறவரும் இந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். 2022-இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டில் 'நீடித்த துக்கம்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள், அதுகூட மனிதர் இறப்புக்கு மட்டும்தான். எங்கள் புத்தகத்திலேயே இடமில்லை என்றால் உங்கள் சேக்காளிகளிடம் எப்படி எதிர்பார்ப்பது?

ஆனால் ஊர்த்துக்கம் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. பாஸ்டன் நகரத்தில் வெஸ்ட் எண்ட் என்று ஒரு பழைய பகுதி இருந்தது. ஏழை உழைப்பாளிகள் நெருக்கமாக வாழ்ந்த இடம். 1950-களின் கடைசியில் அதைச் சேரி என்று சொல்லி இடித்துத் தள்ளினார்கள். ஜனங்களுக்கு வேறு இடத்தில் இதைவிட நல்ல வீடு கிடைக்குமே, என்ன குறை என்றுதான் அதிகாரிகள் நினைத்தார்கள். மார்க் ஃப்ரீட் என்ற உளவியலாளர் அந்த மக்களைத் தேடிப் போய்ப் பேசி 1963-இல் எழுதினார். பெண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள், ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், நெருங்கிய உறவைப் பறிகொடுத்தவர்கள் மாதிரியே கடுமையான துக்கத்தில் இருந்தார்கள். வருடக்கணக்கில் அது நீடித்தவர்கள் உண்டு. அவர்களிலும் நிறையப் பேர் வாடகைக்கு இருந்தவர்கள்தான் தம்பி. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று மனசு பார்ப்பதில்லை.

இப்போது உங்கள் மனைவியைப் பற்றி. இதைச் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும், இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

அவருக்கு அந்த ஊர் யார் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறீர்களா? நீங்கள் அங்கே இருந்த காலம் முழுக்க அவர் இங்கே இருந்தார். மகளுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரிகள், பள்ளிக்கூடக் கூட்டங்கள், மாமனார் மாமியார் மருந்து, ரேஷன், கேஸ், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எல்லாவற்றையும் ஒற்றையாளாகப் பார்த்தார். விசேஷ வீட்டில், "அவுக வரலியா?" என்று கேட்டவர்களுக்கு எல்லாம் சிரித்தபடி பதில் சொல்லியிருப்பார். அவர் புருஷனை அத்தனை வருடம் வைத்துக்கொண்டிருந்தது அந்த ஊர்தான். ஒருவழியாக வந்து சேர்ந்தீர்கள். வந்த மறு வருடமே, அந்த ஊருக்காக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து அழுகிறீர்கள். அவர் பிரிந்து இருந்ததற்கு நீங்கள் இப்படி அழுது அவர் பார்த்ததில்லை.

"போனது போகட்டும்" என்று அவர் சொல்வதில் எனக்குக் கல்நெஞ்சு கேட்கவில்லை. இப்போதாவது என்னைப் பார் என்பதுதான் கேட்கிறது. நான் ஊகிக்கிறேன், தவறாகவும் இருக்கலாம். ஆனால் வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய கணவன் மனைவிகளை இந்த நாற்காலியில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தவருக்குப் பிரிந்து வந்த ஊரின் ஏக்கம், காத்திருந்தவருக்குக் காத்திருந்த காலத்தின் கோபம். இரண்டு பேரும் ஒருவர் பாரத்தை ஒருவர் கேட்காமல், சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் அவரிடம் ஜாஸ்பரைப் பற்றிப் பேசாமல், அவருடைய அந்த வருடங்களைப் பற்றிக் கேளுங்கள். எந்த வருடம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, என்னிடம் போனில் சொல்லாமல் மறைத்தது என்ன என்று கேளுங்கள். பதில் சொல்ல நாலைந்து நாள்கூட ஆகலாம், சண்டையாகவும் ஆரம்பிக்கலாம். குறுக்கே பேசி உங்கள் கஷ்டத்தைச் சொல்லி ஈடுகட்டாதீர்கள். அவர் சொல்லி முடித்த பிறகு ஒரு நாள் அவரே உங்களிடம், "அங்க என்னதான் இருந்துச்சு?" என்று கேட்பார். அப்போது சொல்லுங்கள். மைனஸ் முப்பது குளிரில் சமையலறைப் பின்வாசலைத் திறந்தால் குப்பைத் தொட்டிப் பக்கம் எல்க் மான் நின்றது, ராத்திரி சரக்கு ரயில் கூவும்போது நம்மூர் ஆலைச் சங்கு ஞாபகம் வந்தது என்று உங்களுக்கு என்னவெல்லாம் இருந்ததோ அதையெல்லாம் சொல்லுங்கள். மலையடிவாரத்தில் பிறந்த பையன் இன்னொரு மலையடிவாரத்தில் தன்னை ஊன்றிக்கொண்டான். கரண்டி பிடிக்கத் தெரிந்தவன் என்று அந்த ஊரில்தான் உங்களுக்கு முதலில் பேர் கிடைத்தது. அது அவருக்குப் புரியாத விஷயம் அல்ல. யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளத்துக்கு அழவில்லையே என்ற குற்ற உணர்ச்சிக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் இந்தப் பக்கத்து ஜனம் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியது, திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் ஆள் உயரத் தண்ணீர் நின்றது. அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. ஆனால் சமையல் தெரிந்த ஆள் இந்த மாவட்டத்தில் அந்த வாரம் சும்மா உட்கார்ந்திருந்திருக்க முடியாது. அண்டாவில் சோறு வடித்திருப்பீர்கள், பொட்டலம் கட்டியிருப்பீர்கள், இல்லையென்றால் அப்பாவை மாடிக்குத் தூக்கியாவது போயிருப்பீர்கள். கைக்கு வேலை இருந்தது, பக்கத்தில் ஆள் இருந்தது, ஊரே ஒன்றாகப் புலம்பியது. கண்ணீருக்கு நேரமில்லை, தேவையும் இல்லை. ஜாஸ்பர் எரிந்தபோது ஒரு வாளித் தண்ணீர்கூட உங்களால் தூக்கிக் கொடுக்க முடியவில்லை. கையில் இருந்தது ஒரு போன் மட்டும். ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத்தான் துக்கம் அதிக நாள் நிற்கும். எந்த ஜனத்தின் மேல் பாசம் அதிகம் என்று இதை வைத்து அளக்காதீர்கள்.

வீடியோவை நிறுத்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாக என்று சொல்ல மாட்டேன், எரிந்த தெருப் படங்களைப் போனிலிருந்தே எடுத்துவிடுங்கள். துட்டி வீட்டில் பேசப்பேசத் துக்கம் நகர்கிறது. இங்கே ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு தடவையும் புதிதாக எரிகிறது, நகர்வதே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை சொல்கிறேன். ஒரு பெரிய தாளில் அந்த ஊரின் வரைபடத்தை உங்கள் ஞாபகத்திலிருந்து வரையுங்கள். கனாட் டிரைவ், பட்ரீஷியா தெரு, ரயில் நிலையம், நீங்கள் நடந்து வேலைக்குப் போன வழி எல்லாம் வரட்டும். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். வரைந்த பிறகு எது நிற்கிறது, எது போய்விட்டது என்று நண்பர்களிடம் கேட்டுக் குறியுங்கள். 1928-இல் கட்டிய ஆங்கிலிகன் தேவாலயம் போய்விட்டது. ஆஸ்பத்திரி நிற்கிறது. இரண்டு பள்ளிக்கூடங்களும் நிற்கின்றன. ரயில் நிலையம் நிற்கிறது. மூன்றில் இரண்டு பங்கு ஊர் இருக்கிறது தம்பி. உங்கள் போனில் மட்டும்தான் ஊர் முழுக்கச் சாம்பலாகக் கிடக்கிறது. 'செத்துப்போன ஊர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையில் எனக்குச் சம்மதமில்லை. பலமாக அடிபட்டு, உயிரோடு இருக்கிற ஊர் அது.

இன்னொன்று. "காடு மறுபடியும் முளைத்துவிடும்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் கோபப்படாதீர்கள், ஆனால் ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். அந்தப் பக்கத்து லாட்ஜ்போல் பைன் மரத்தின் காய்கள் பிசினால் மூடிக் கிடந்து, தீயின் சூட்டில் திறந்து விதை உதிர்ப்பவை என்பது உண்மைதான். எரிந்த இடத்தில் கன்று வரும். ஆனால் நீங்கள் இழந்தது காட்டை மட்டும் அல்ல. ஒரு வீட்டை, ஒரு ஜன்னலை, அதிலிருந்து தெரிந்த மலையை. அதற்கு விதை இல்லை.

மாஞ்சோலை ஆச்சியைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் நம்பிக்கை தந்த இடமே அதுதான். உங்கள் தெருவிலேயே ஒரு துணை உட்கார்ந்திருக்கிறது.

1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காட்டில் போட்ட தேயிலைத் தோட்டம் அது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தலைமுறை தலைமுறையாக லைன் வீடுகளில் வாழ்ந்தவர்களில் பலர், குத்தகை 2028-இல் முடிவதற்கு முன்பே, 2024-இல் வேலை நின்றுபோய்க் கீழே இறங்க வேண்டியதாயிற்று. உங்கள் ஊர் எரிந்த அதே வருடம். அங்கே தீ வரவில்லை. வீடு நிற்கிறது, மலை நிற்கிறது, வாசலில் உட்கார்ந்தால் கண்ணுக்கும் தெரிகிறது, ஆனால் அவர் வாழ்ந்த ஊர் இல்லை. அவரிடமும், "அது கம்பெனி வீடுதான, கொழுந்து பறிச்சது போதாதா, கீழ நிம்மதியா இருங்க" என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

நாளைச் சாயங்காலம் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஆறுதல் எதுவும் சொல்ல வேண்டாம். "ஆச்சி, உங்க வீடு எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேளுங்கள். எத்தனை மணிக்கு மஞ்சு இறங்கும், அட்டைக்கு என்ன தடவுவார்கள், மழைக்காலத்தில் பஸ் வராவிட்டால் என்ன சமைப்பார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். நீங்கள் துட்டி கேட்கப் போனவராக உட்கார்ந்து கேளுங்கள். பிறகு உங்கள் மலையைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். கனடா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மேலே வீட்டை விட்டுவிட்டுக் கீழே இருப்பது என்றால் என்ன என்று இந்தத் தெருவில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வேலைக்கு வரச்சொல்லி அழைப்பு. இன்றைக்கே முடிவெடுக்காதீர்கள், ஆனால் இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். மறைத்து வைத்திருக்கிற ஒவ்வொரு நாளும் நான் மேலே எழுதிய பேச்சுக்கு இடம் குறைகிறது. போவதா வேண்டாமா என்பதில் சம்பளம், மகளின் படிப்பு, அப்பாவின் நிலை எல்லாம் இருக்கிறது. அதற்குள் நான் நுழையவில்லை. ஒரு கேள்வியை மட்டும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: கூப்பிடுவது வேலைக்கு, நீங்கள் போக நினைப்பது வேலைக்கா, பழைய ஊரைத் தேடியா? வேலைக்கு என்றால் மற்ற வேலைகளைப் போலக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தேடித்தான் என்றால், முதலில் பத்து நாள் விருந்தாளியாகப் போய்வர வழியிருக்கிறதா பாருங்கள். முடிந்தால் மனைவியையும் கூட்டிக்கொண்டு. காலி மனையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு ராத்திரி கொஞ்சம் சுலபமாவதை நான் கண்டிருக்கிறேன். செலவு கட்டாது என்றால் விட்டுவிடுங்கள், அது இல்லாமலும் ஆறும்.

இனி வருவது நம் மலைக்கே தீக்காலம். பிப்ரவரி முதல் மே வரை, சாரல் வருவதற்குள், உங்கள் மொட்டை மாடியிலிருந்து ஏதோ ஒரு ராத்திரி சரிவில் சிவப்பாக ஒரு கோடு தெரியும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். அது வந்தால் பயந்துவிடாதீர்கள், உடம்பு பழசை நினைத்துக்கொள்கிறது. பார்த்துக்கொண்டே நிற்காமல் கீழே இறங்கி வந்து யாரிடமாவது பேசுங்கள். தீ எரிவது வனத்துறைக்கு இதற்குள் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாமல், போன் போட்டுச் சொல்லுங்கள். அங்கே மின்னல் மூட்டியது, நம் மலையில் மூளும் தீயில் பெரும்பகுதி மனிதக் கை மூட்டுவது. அதனால் இங்கே தடுப்பதற்கு வேலை இருக்கிறது. முண்டந்துறைப் பக்கம் கோடை தொடங்குமுன் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள், அடிவார ஊர்களில் கிராம வனக்குழுக்கள் இருக்கின்றன. வனச்சரக அலுவலகத்தில் போய், என்னால் ஆகக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கோடு வெட்டுகிறவர்களுக்கு ஒரு நாள் சமைத்துப் போட்டால்கூடப் போதும். போன தடவை வெறுங்கையோடு நின்ற ஆள் நீங்கள். ஆனால் தீ எரியும்போது அணைக்கிறேன் என்று மலை ஏறக் கூடாது. 2018-இல் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 உயிர் போனது. பயிற்சி இல்லாதவர்களுக்கு அது இடமில்லை.

போட்டோ விஷயம். தாராளமாக மாட்டலாம். மாலை போட வேண்டாம், பொட்டு வைக்க வேண்டாம், சாமி படத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஆனால் மனைவி வேண்டாம் என்கிறபோது ஆணி அடிக்காதீர்கள். அவரோடு நான் சொன்ன பேச்சு முடியட்டும். எங்கே மாட்டலாம் என்று அவரையே கேளுங்கள். வருகிறவர்கள் பார்த்து "இது எந்த ஊர்?" என்று கேட்கிற இடமாக இருந்தால் நல்லது.

அப்புறம் மாத்திரை. கடைசியில் எழுதுவதால் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அப்பாவுக்கு அவர் உடம்பைப் பார்த்து எழுதிக்கொடுத்த மருந்து அது. நீங்கள் பாதி எடுத்தால் அவருக்கு மாசக் கடைசியில் குறையும், குறைந்தால் அவர் தூக்கம் கெடும், கேட்கவும் அவரால் முடியாமல் இருக்கலாம். உங்களுக்கோ, இன்று பாதி நாளை முழுசு ஆகும். தூக்க மாத்திரைகள் பலவற்றின் குணம் அது. எந்த மாத்திரை, எத்தனை நாளாக என்று நீங்கள் எழுதவில்லை. தினமும் போட்டு மாதக்கணக்கு ஆகிறது என்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதை மருத்துவர் பார்த்துத்தான் செய்ய வேண்டும். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவின் புறநோயாளிகள் பகுதிக்குப் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள். பசி எடுக்கவில்லை, மகளிடம்கூடப் பேசப் பிடிக்கவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்பது வாரக்கணக்கில் இருந்தால் அதையும் அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். அது துக்கத்தைத் தாண்டி மனச்சோர்வாக ஆகியிருக்கலாம், அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மருத்துவமனைக்குப் போகும்போது மனைவியையும் கூட அழைத்துப் போங்கள்.